குருவியின் முறை

பழைய ஆய்வுக்கூடத்தின் சாவியை வாங்கி வந்தவன் வகுப்புத் தலைவன். தொண்டை பெரியது என்பதால் அவனுக்கு மைக் என்று பெயர். கதவைத் தோளால் இடித்துத் திறந்தான். அடைத்துக் கிடந்த ஈரமும், எலிப்புழுக்கையும், அமிலம் சிந்திய மரத்தின் புளிப்பும் கலந்து ஒரு வாடை வெளியே வந்தது.

"மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்க. கொஞ்ச நேரந்தான், யாரும் செத்துட மாட்டீங்க" என்றான்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லாரும் டவுட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டவுட்டு கடைசி பெஞ்சுக்காரி. யார் எதைச் சொன்னாலும் ஒரே சொல்லில் நம்ப மாட்டாள். அவள் அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர், பூட்டிய பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். மகளுக்கும் அந்தப் புத்தி. உலகத்தில் பிழைக்க அது நல்ல புத்திதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் குருவி. ஆள் சிறுசு, குரல் அதைவிடச் சிறுசு. யாருக்கும் தெரியாமல் சாக்பீஸ் தின்பாள். பேச்சைத் தொடங்கும் முன் தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். தட்டிய இடத்தில் வெள்ளையாக அச்சு விழும். டவுட்டு எதைச் சொன்னாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்பாள். சொல்லி முடித்தாலும் விட மாட்டாள். "அப்புறம்?"

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். பெரியவர்கள் சொல்கிற ஆறுதலில் பாதி பொய். குருவி திரும்பி வரவில்லை. பெஞ்சில் அவள் இடத்தை யாரும் நிரப்பவும் இல்லை.

அந்தப் பள்ளியை விட்டுப் போகிற வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் மதியம் பழைய ஆய்வுக்கூடத்தில், வகுப்பில் இருந்த வரிசைப்படியே உட்கார வேண்டும். சன்னல், விளக்கு எல்லாம் மூடி இருட்டாக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து நான் என்னவாக இருப்பேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தவர் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போய்விட வேண்டும். முகம் தெரிந்தால் சிரிப்பு வரும், சிரிப்புக்குப் பயந்து பொய் வரும், அதனால்தான் இருட்டு. போனவர்கள் கதவில் காதை வைத்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

விளக்கை அணைக்கும் முன் பழைய கதைகள் ஓடின.

"கணக்கு டீச்சர் வருஷம் பூரா சாக்பீஸ் திருடனைத் தேடினாங்களே, பாவம்" என்றாள் நெட்டை. அவள் குருவிக்கு மறுபக்கம் உட்கார்ந்தவள்.

"என் பையைத்தான்டி மூணு தடவை கொட்டிப் பார்த்தாங்க. திருடன் முழி எனக்காம்" என்றான் மைக்.

"தின்னவ வாயைத் தொடச்சிட்டு பின்னாடி உக்காந்து வேடிக்கை பார்த்தா."

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மைக் தொண்டையைச் செருமினான்.

"குருவியோட முறை வரும்போது சும்மா தாண்டிப் போறதுக்கு மனசு வரல. டவுட்டு, அவளுக்கும் சேத்து நீயே சொல்லிடு."

"எனக்கு எதுக்கு? செத்தவளுக்கு எதுக்குடா பத்து வருஷம்?"

"நீதான அவ கூடப் படிக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொன்ன. ரெண்டு பேரும் நர்சு, ஒரே ரூமுன்னு. அதைச் சொல்லு, போதும்."

உண்மையில் ஊரெல்லாம் சொன்னது குருவி. டவுட்டுக்கு ரத்தத்தைக் கண்டால் குமட்டும். தோழி அழுவாளே என்று தலையாட்டி வைத்தாள், அவ்வளவுதான். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கும் அக்கா வீட்டில் தங்கிக் கணக்கியல் படிக்க இடம் வாங்கியாகிவிட்டது. இடம் கிடைத்த கடிதம் வந்த நாளில் அவள் மனதில் முதலில் வந்தது நிம்மதி. இனி யாருக்காகவும் தலையாட்ட வேண்டாம். தன் வழியில் தனியாகப் போகலாம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

விளக்கு அணைந்தது.

வெளியே மழை மூட்டம். சன்னல் இடுக்கில்கூட வெளிச்சம் இல்லை.

முதல் பெஞ்சிலிருந்து குரல்கள் வந்தன. ஒருவன் விமானம் ஓட்டப் போகிறான். ஒருத்தி நான்கு பிள்ளை பெற்றுக் குண்டாக இருக்கப் போகிறாள், கதவுக்கு வெளியே சிரிப்பு. ஒருவன் அப்பாவின் கடையில்தான் இருப்பேன் என்றான், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கதவு கொஞ்சம் திறந்து சாம்பல் வெளிச்சம் கீற்றாக விழும், மூடும். அறையில் மூச்சு விடுகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கூரையில் மழை தொடங்கியது.

நெட்டை டீச்சர் வேலைக்குப் போவேன் என்றாள். காலி இடத்தைத் தாண்டிக் கையை நீட்டி டவுட்டின் தோளைத் தட்டினாள். "சீக்கிரம் முடிச்சிட்டு வாடி, எனக்கு இந்த இருட்டே ஆகல" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

கதவு மூடியது.

டவுட்டுக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் குருவியின் இடம். எதிரே காலி பெஞ்சுகள்.

அப்படியே எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போனால் கதவுக்கு வெளியே மைக் நிற்பான், பயந்தாங்கொள்ளி என்று ஊர் முழுக்க ஒலிபரப்புவான். சொல்லித் தொலைக்கலாம் என்று முடிவு செய்தாள்.

"பத்து வருஷம் கழிச்சு குருவி நர்சா இருப்பா. என் கூடத்தான் இருப்பா. ஒரே ரூம். எங்க போனாலும் சேந்துதான் போவோம்."

பொய்தான். செத்தவளுக்குச் சொல்கிற பொய் யாரை என்ன செய்யும் என்று நினைத்தாள்.

மழைச் சத்தம் சட்டென்று தூரமாகப் போனது போல இருந்தது.

பெஞ்சு மெல்ல முனகியது. பக்கத்தில் யாராவது நகர்ந்து உட்கார்ந்தால் முனகுமே, அப்படி.

நனைந்த சாக்பீஸ் வாடை வந்தது.

தோளில் தட்டு. இரண்டு விரல். இரண்டு தடவை.

விரல்களின் குளிர் துணியைத் தாண்டி எலும்பில் இறங்கியது.

நெட்டை திரும்பி வந்து விளையாடுகிறாளோ என்று சந்தேகப்பட்டாள். கதவு திறக்கவே இல்லை. அதையும் கவனித்துத்தான் வைத்திருந்தாள். முறைப்படி குருவி பேசியாகிவிட்டது. பேசி முடித்தவர் அடுத்தவரைத் தட்ட வேண்டும்.

இனி டவுட்டின் முறை.

உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று ஏனோ பட்டது.

"பத்து வருஷம் கழிச்சு... நான் அக்கா ஊர்ல இருப்பேன். நர்சு இல்ல. தனியா இருப்பேன்."

இருட்டு அசையவில்லை.

பிறகு காதுக்கு அருகில், சாக்பீஸ் மெல்லுகிற மெல்லிய நறநறப்பு.

"அப்புறம்?"

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்காலில் ரத்தம் வழிந்தது. வராந்தாவில் வகுப்பே சுவரோடு ஒட்டி நின்றது. மைக்கின் முகம் வெளுத்திருந்தது.

"அவ குரல்ல எப்படிப் பேசின?" என்றான்.

"நான் பேசலடா. என் குரல்ல ரெண்டு வார்த்தைதான் சொன்னேன்."

"பொய் சொல்லாத. அவ குரல் ரொம்ப நேரம் பேசிட்டிருந்துச்சு. அதே சின்னக் குரல்."

"என்ன சொல்லிச்சு?"

மைக் நெட்டையைப் பார்த்தான். நெட்டை அழுதுகொண்டே சொன்னாள். "நீ வேற ஊருக்குப் போறியாம். யார்கிட்டயும் சொல்லலையாம். பரவால்ல, நானும் கூட வரேன்னுச்சு."

மைக் உள்ளே போய் விளக்கைப் போட்டான். யாரும் இல்லை. டவுட்டின் தோளில் இரண்டு வெள்ளை அச்சுகள் இருந்தன. எத்தனை தோய்ப்பு தோய்த்தும் போகவில்லை. அம்மா அந்தச் சட்டையை அடுப்பில் போட்டாள்.

ஊருக்குப் போகும்போது அப்பா பேருந்து நிலையம் வரை வந்தார். "யாரையும் நம்பாத. ராத்திரி தாழ்ப்பாளை ரெண்டு தடவை இழுத்துப் பாரு" என்றார். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கூட்டத்தில் நின்றவர்கள்கூட உட்காரவில்லை. நடத்துனர் இரண்டு சீட்டு கிழித்து நீட்டினார். "ஒண்ணு போதும்ணே" என்றாள். அவர் பக்கத்து இருக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்தார். களைப்பில் கணக்குத் தப்பியிருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை.

கல்லூரியில் முதல் நாள். கடைசி பெஞ்சுப் பக்கமே போகவில்லை. நடுவில், இரண்டு பக்கமும் ஆள் வரும்படியான இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வலது பக்கம் ஒருத்தி வந்தாள். இடது பக்கம் நின்று பார்த்தவர்கள் எல்லாரும், "யாரோ இருக்காங்க போல" என்று தள்ளிப் போனார்கள்.

நல்ல வெயில். சன்னல்கள் திறந்திருந்தன. மின்விசிறி சுற்றியது. பேராசிரியை சிரித்த முகக்காரி.

"ஒவ்வொருத்தரா எழுந்து, என்னவாகப் போறீங்கன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

இடது ஓரத்திலிருந்து தொடங்கியது. வங்கி. தணிக்கை. சொந்தக் கடை. வரிசை நகர்ந்து நகர்ந்து வந்தது. காலி இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பேராசிரியை காலி இடத்தைப் பார்த்தார். கண்களை அங்கேயே வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டார். சின்னக் குரலைக் கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

"நர்சா? அதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கியேம்மா" என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது. "ஓ, தோழிக்காகவா. சரி, உக்காரு. அடுத்து?"

நனைந்த சாக்பீஸ் வாடை.

டவுட்டின் தோளில் இரண்டு விரல் தட்டியது. இரண்டு தடவை.