தொண்ணூறு கொக்கி

போன் அலறியது.

டெய்லரம்மா எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

அவள் மடியில் டீச்சரின் தலை இருந்தது!

மாடிப்படியின் அடி. ஒரு செருப்பு மேலே, இன்னொன்று கீழே. மூன்றாவது படியில் உடைந்த மூக்குக்கண்ணாடி. கைப்பை மட்டும் தோளைவிட்டு நழுவவில்லை. பிடித்துப் பார்த்த கை சில்லிட்டிருந்தது.

கீழே தையல் கடை. மாடியில் தேர்தல் அலுவலகம். நகரசபைத் தேர்தலில் டெய்லரம்மா வேட்பாளர். ரிட்டயரான கணக்கு டீச்சர் அவளுக்குப் பொருளாளர். எட்டரை மணிக்கு அலுவலகம் திறக்க வந்தவர், ஒன்பது மணிக்குப் பிணம்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். படிகளை ஏறி இறங்கிப் பார்த்தார். கைப்பையைத் திறந்தார். பணம் அப்படியே இருந்தது. வழுக்கி விழுந்திருக்கலாம் என்றார்.

"நோட்டு இல்லையே மேடம்."

"எந்த நோட்டு?"

"அளவு நோட்டு."

டெய்லரம்மா சொல்லத் தொடங்கினாள். 

அவளை எதிர்த்து நிற்பவர் லாரி முதலாளி. ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. பெரும்பாலும் அந்த வேலைக்காரர்களின் மனைவிமாராக நாற்பத்தொரு பேர் அவளுக்கு ரகசியமாக நன்கொடை கொடுத்திருந்தார்கள். விஷயம் வெளியே வந்தால் புருஷனுக்கு வேலை போகும். வேலை போன புருஷன் வீட்டுக்கு வந்து என்ன செய்வான்... அதை இன்ஸ்பெக்டருக்கு விளக்கத் தேவையில்லை.

சின்னத் தொகைகளுக்குப் பெயரை வெளியிட வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கணக்கு வேண்டுமே? டீச்சர்தான் வழி சொன்னார்.

பெயருக்குப் பதில் ஜாக்கெட் அளவு! தொகைக்குப் பதில் கொக்கி! நூறுக்கு ஒரு கொக்கி. ஐந்நூறு கொடுத்தவளுக்கு ஐந்து கொக்கி. பார்க்கிறவனுக்கு அது வெறும் தையல் நோட்டு. எந்த அளவு யாருடையது என்று தெரிய, பெயரோடு அளவு எழுதியிருக்கும் கடை ஆர்டர் புக்கோடு ஒப்பிட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் குறிப்பு எழுதுவதை நிறுத்தினார்.

"என் அளவும் உங்ககிட்டதான் இருக்கு. அதையும் எழுதிட்டீங்களா?"

"போலீஸ்காரங்ககிட்ட வாங்கக்கூடாதுன்னு டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க மேடம்."

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் டீச்சர் போய்க்கொண்டிருந்தார்.

கட்டிங் மாஸ்டர் வாசலில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் துணி வெட்டுகிறவர். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். டெய்லரம்மாவுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுபடி போன்.

பன்னிரண்டு மணி. இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, டெய்லரம்மா ஸ்பீக்கரில் போட்டாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசும் குரல்!

"மூணு மணிக்குள்ள மனுவை வாபஸ் வாங்கிடு. இல்லேன்னா நாப்பது பொம்பளைங்க பேரும் லாரி ஷெட் சுவத்துல இருக்கும்."

 அந்த நாற்பது முகங்களும் வரிசையாக வந்து போயின. சீட்டாட்டத்தில் தோற்ற அன்றெல்லாம் மனைவியின் கையை முறுக்குகிற டிரைவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கப்போகும் கிளீனர் மனைவி... தேர்தலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள்.

கணக்கு உதைத்தது.

"நாப்பத்தொரு பேராச்சே?" என்றாள்.

"ஒருத்தி மட்டும் ஆர்டர் புக்குல சிக்கல. கை நீளம் ஒம்போது. வலது கை சுத்து பதிமூணு, இடது கை பன்னெண்டு. ஒரு கை பெருத்தவ! தொண்ணூறு கொக்கி... ஒம்போதாயிரம்! புருஷன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு அள்ளிக் குடுத்திருக்கா. அவளையும் சாயங்காலத்துக்குள்ள பிடிச்சிருவேன்."

லைன் கட்!

நம்பரைத் தேடிப்பிடிக்க மாலை ஆகிவிடும் என்று இன்ஸ்பெக்டர் நொந்துகொண்டார். டெய்லரம்மா அவரைப் பார்க்கவே இல்லை. போனையே வெறித்தாள்.

அந்த நோட்டில் எண்கள் மட்டும்தான் உண்டு. எது கை, எது இடுப்பு என்று தலைப்பு கிடையாது. எல்லாத் தையல்காரர்களும் உயரத்தில் ஆரம்பிப்பார்கள். இந்தக் கடையில் மட்டும் கையில் ஆரம்பிக்கிற பழக்கம்.

அந்த வரிசை தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தர் பிணவறையில். ஒருத்தி இங்கே.

மூன்றாமவர்...!

 இருபத்திரண்டு வருடம்! பேரை இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். ஆதாரம் கேட்டார். பத்து நிமிடம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, டெய்லரம்மா இரண்டு போன் பேசினாள். ஒன்று மாஸ்டருக்கு. வாபஸ் வாங்கப் போவதாகவும், துணைக்கு வரச்சொல்லியும். இன்னொன்று யாருக்கு என்று இன்ஸ்பெக்டருக்குக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மாஸ்டர் வந்தார். நல்ல முடிவு, அந்தப் பொம்பளைங்க பாவம் என்றார். எந்தப் பொம்பளைங்க என்று டெய்லரம்மா கேட்கவில்லை.

"போறதுக்கு முன்னால ஒரே ஒரு அளவு எடுக்கணும் மாஸ்டர். எனக்குக் கை நடுங்குது. நீங்க எடுத்துச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"நானா? பொம்பளைங்களுக்கு நான் டேப்பு பிடிச்சதே இல்லையேம்மா."

"இவங்களுக்குப் பிடிக்கலாம்."

திரையை விலக்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்து மாஸ்டர் விழித்தார்.

அவருடைய மனைவி! லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். நெற்றியில் இன்னும் வியர்வை.

"நீ எங்கடி இங்க?"

"அக்கா வரச்சொன்னாங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு ஜாக்கெட்டாவது எனக்கு வெட்டிக் குடுத்திருக்கீங்களா? இன்னைக்காவது எடுங்க."

மாஸ்டர் சிரிக்க முயன்றார். டேப்பை உருவினார். தோளிலிருந்து முழங்கைக்கு மேலே வரை பிடித்தார்.

"கை நீளம்... ஒம்போது."

டெய்லரம்மா எழுதினாள்.

"வலது கை சுற்று... பதி..."

குரல் நின்றது.

"சொல்லுங்க மாஸ்டர்."

"பதிமூணு."

"இடது?"

டேப் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.  

"பன்னெண்டுங்க," என்றாள் மனைவி. "இருபது வருஷமா ஒரே கையால இஸ்திரிப் பெட்டி தள்ளுறேன். ஒரு கை பெருக்காம என்ன செய்யும்? உங்களுக்குத்தான் தெரியாது. அக்கா ஒவ்வொரு வருஷமும் காசு வாங்காம தெச்சுக் குடுக்கிறாங்க. அதான் ஆர்டர் புக்குல நான் இல்லை."

"ஒம்போதாயிரம்... உனக்கு ஏது?"

"ஊரார் துணி தேய்ச்ச காசு. என்னை மாதிரி ஒருத்தி ஜெயிக்கட்டுமேன்னு குடுத்தேன். தப்பா?"

மாஸ்டர் கட்டிங் மேஜையின் மேல் சரிந்தார்.

"ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கி. நோட்டுல தொண்ணூறு கொக்கியைப் பார்த்ததும்தான் சந்தேகமே வந்துச்சு. அப்புறம் நூறுக்கு ஒரு கொக்கின்னு நீங்களும் டீச்சரும் பேசினது காதுல விழுந்துச்சு. லாரி முதலாளி பெரிய தொகை பேசினாரு. நோட்டைத்தான் பிடுங்கினேம்மா... டீச்சர் விடல. நான் தள்ளணும்னு தள்ளல."

டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விட்டிருக்கலாமே டீச்சர், ஒரு நோட்டுதானே... ஆனால் டீச்சருக்கு அது நோட்டு இல்லை. நாற்பத்தொரு பேர்.

டிரையல் ரூம் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர்!

மாஸ்டரின் துணிப்பையிலிருந்து அளவு நோட்டு வந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் வந்தது. நாற்பது பெயர்கள். இன்னும் முதலாளிக்குக் காட்டவில்லை, நாற்பத்தொன்றும் சேர்ந்தால்தான் முழுத்தொகை என்று பேச்சு, என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்துக்கொண்டார். தாளை மேஜையில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் திரும்பியபோது மாஸ்டர் மனைவியின் கத்தரிக்கோலுக்கடியில் அந்தத் தாள் பொடிப்பொடியாகக் கிடந்தது.

மூன்று மணி அடித்தது.

வேட்பாளர் வாபஸ் வாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். மாஸ்டர் அளவு கொடுக்க வந்தவர் போல இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அளவெல்லாம் வேண்டாம் மாஸ்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "இது ஃப்ரீ சைஸ்!"