கட்டுத்துணி

நாயின் காயத்தைக் கழுவிய தண்ணீரில் மணல் இருந்தது.

மனுவேல் பாத்திரத்தைச் சன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தான். காய்ச்சி ஆறவைத்து உப்புப் போட்ட குழாய்த் தண்ணீர். மேலே சீழும் கொஞ்சம் இரத்தமும் கலங்கி நிற்க, அடியில் வெள்ளையாக, பருபருவென்று படிந்திருந்தது. விரலால் தொட்டான். கரையில் கிடக்கிற மணல் இல்லை. சங்கெடுக்க மூழ்கிக் குளிக்கிற இடத்தில், கடலின் அடியில் கிடப்பது. குளித்து ஏறுகிறவர்களின் நகக்கண்ணில் ஒட்டி மட்டுமே மேலே வருவது. நாய் பிஸ்டனோ வீட்டை விட்டு வெளியே போய் நாளாகிறது.

தண்ணீரைப் பின்பக்கம் கொட்டிவிட்டு வந்து, நாயின் அருகில் உட்கார்ந்தான். அடுப்படியில் அக்காள் பனிமயம் புதிய கட்டுக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய சேலை, நீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. அந்த வீட்டில் இப்போதெல்லாம் கேட்கிற பெரிய சத்தம் அந்தக் கிழிபடும் சத்தம்தான்.

பிஸ்டன் கடற்கரையில் வேலை பார்த்த நாய். வள்ளத்தையும், கரையில் குவித்த சங்குகளையும் காவல் காத்தது. பழைய எஞ்சின் மாதிரி விட்டுவிட்டுக் குரைக்கும் என்பதால், அக்காள் புருஷன் அற்புதமணி அதற்கு அந்தப் பெயரை வைத்தான். அவன் குளிக்க இறங்கி ஏறாத அன்றிலிருந்து, கரையில் நைலான் கயிற்றில் கட்டிக் கிடந்த நாய் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டே நின்றது. சாவு வீட்டில் யாருக்கும் அதன் நினைவில்லை. நினைவு வந்தபோது கயிறு கழுத்துத் தோலுக்குள் புதைந்திருந்தது.

கால்நடை டாக்டர் சிவப்பிரகாஷ் வீட்டுக்கே வந்து, மயிரை வழித்து, கயிற்றை வெட்டி எடுத்தார். தினமும் கழுவ வேண்டும், மருந்து தடவ வேண்டும், ஈ மொய்க்காதபடி தளர்வாகத் துணி சுற்ற வேண்டும் என்றார். கழுத்தில் இனி எந்தக் கயிறும் கூடாது. ஆனால் அவிழ்த்துவிட்டால் பிஸ்டன் நேரே கடலுக்குள் போனது. அலை தலையை மூடும் வரை போனது. அதனால் மனுவேல் அதன் நெஞ்சைச் சுற்றிக் கட்டினான், தன்னிடம் இருந்ததிலேயே மிருதுவான கயிற்றால்.

அது மச்சானின் இடுப்பில் கட்டிய கயிறு.

குளிப்பவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலியைக் கையில் வைத்திருப்பவன் கண் அசர மாட்டான். மனுவேலும் அசரவில்லை. கீழிருந்து ஒருமுறை இழுபட்டால் கயிற்றை இன்னும் நீளவிட வேண்டும், அடுத்தடுத்து இழுபட்டால் தூக்க வேண்டும். அன்று அடுத்தடுத்து இழுபட்டது. அந்த நொடியே தூக்கினான். கயிறு கனமில்லாமல் வந்தது, முடிச்சு அவிழாமல், வெறும் வளையமாக.

உடல் கிடைக்கவில்லை. பெட்டியில் வேட்டியும் சட்டையும் வைத்துப் புதைத்தார்கள். ஆள் ஏறாத கயிற்றைக் கடலோடு விட்டுவிட வேண்டும் என்று கரையில் சொன்னார்கள். அவனுக்கு மனம் வரவில்லை.

கயிறு பிடித்தவனிடம் அக்காள் எதுவும் கேட்கவில்லை. நாயைத் தூக்கி வந்தபோது மட்டும், அதன் தலையைத் தடவிக்கொண்டே, "இதையாவது காப்பாத்திக் குடுலே" என்றாள். அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை.

அவன் தவறாமல்தான் பார்த்தான். ஆனால் புண் ஆறவில்லை. சுற்றிய துணியும் விடிந்தால் கழுத்தில் இருப்பதில்லை. மத்தியானம் டாக்டருக்குப் போன் போட்டிருந்தான்.

"தினமும் கட்டுன துணிய காணோம் சார். வீடு முழுக்கத் தேடிட்டேன்."

"தின்னுருக்கும்."

"துணிய திங்க இது என்ன ஆடா சார்?"

"உம்ம சமையலுக்கு அது தேவலைன்னு நெனச்சிருக்கும்வே. வயித்த அமுக்கிப் பாரும், கல்லு மாதிரி இருந்தா தூக்கிட்டு வாரும்."

அமுக்கிப் பார்த்தான். வயிறு ஒட்டிக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

ஐப்பசி மூட்டத்தில் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய, கூரையில் விழுந்த முதல் தூறல் காய்ந்த கருவாட்டு வாசனையையும் ஈரச் சுவரின் வாசனையையும் கிளப்பிவிட, விசிறி மெல்ல மெல்லச் சுழற்சி குறைந்து நின்றபோதுதான் கரண்ட் போய்விட்டது என்று மனுவேலுக்குத் தெரிந்தது.

அக்காள் மெழுகுவர்த்தியையும் துணியையும் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். மருந்து தடவ வசதியாகப் பிஸ்டனின் நெஞ்சுக் கயிற்றைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டான். மீதிக் கயிறு தரையில் நெளிந்து, பின்வாசல் படியைத் தாண்டி, வெளியே துவைகல்லருகே சுருட்டிப் போட்ட சுருளில் போய் முடியும்.

காயத்தின் ஓரத்தை அழுத்தித் துடைத்தான். சீழ் வரவில்லை. தெளிந்த தண்ணீர் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. மோந்து பார்த்தான். கடல்.

"அக்கா" என்று கூப்பிட்டான். அடுப்படிக்குக் கேட்கவில்லை.

துணியைச் சுற்றி, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டான். வள்ளத்தில் போடுகிற முடிச்சு. அவனுக்குக் கைவந்தது அது ஒன்றுதான்.

மடியில் கயிறு அசைந்தது.

நாயைப் பார்த்தான். அது தரையில் தாடையை வைத்துப் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நாயின் மேல் கயிறு இல்லை. காற்றும் இல்லை.

ஒருமுறை இழுபட்டது.

நெளிந்து கிடந்த கயிறு தரையை விட்டு எழும்பி நேரானது. அதிலிருந்து நீர் சொட்டியது. மெழுகுவர்த்தி வெளிச்சம் படி வரைக்கும்தான் போனது.

"யாரு அங்கன?"

தூறல்.

பிறகு அடுத்தடுத்து.

அவன் யோசிக்கவில்லை. கைகள் யோசிக்கவில்லை. வலது, இடது, வலது. இழுத்தான். சுருள் அவ்வளவு நீளமில்லை. எப்போதோ முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. குளிர்ந்த கயிறு, பாசி வழுக்கும் கயிறு, அவன் காலடியில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. இப்போது கனம் இருந்தது. அன்று இல்லாத கனம்.

விட்டுவிட நினைத்தான். விரல் பிரியவில்லை.

பிஸ்டனின் வால் தரையில் அடித்தது. டப். டப். மச்சான் தண்ணீருக்கு மேல் தலை தூக்கும்போதெல்லாம் கரையில் அடித்த மாதிரி.

பின்னால் அக்காளின் மூச்சு. அவள் கைகள் நீண்டு வந்து, அவன் கைகளுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தன.

"நிறுத்தாதலே" என்றாள். "அவுகளுக்கு மூச்சு முட்டும்."

இழுத்தார்கள்.

படியில் முதலில் ஒரு கை ஏறியது. வெளுத்து, ஊறிச் சுருங்கிய கை. நகக்கண்ணில் வெள்ளை மணல். அப்புறம் தோள். முகம் கீழே கவிழ்ந்திருந்தது. கழுத்து மட்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

கழுத்தில் துணி. நீலத்தில் மஞ்சள் பூ. ஒன்றின் மேல் ஒன்றாக, காணாமல் போன அத்தனையும். ஒவ்வொன்றும் தளர்வாக. ஒவ்வொன்றிலும் மனுவேல் போட்ட முடிச்சு.