குடுமி வைத்த நட்சத்திரம்

சுஜா தேங்காயை உடைக்கவில்லை.

அவள் அப்பா லிங்கம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் தேங்காய் விற்கிறார். “கண்காட்சி நல்லா நடக்கணும். உடைச்சிட்டுப் போ, மக்கா” என்று காலையில் ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. சுஜா தேங்காயோடு ஏறிவிட்டாள்.

இப்போது அது பள்ளிக்கூடத்து மேஜையின் அடியில் கிடந்தது. மேலே சுவரில் அவளுடைய சார்ட். விண்வெளியில் ஒளிரும் மேகமான நண்டு நெபுலாவின் எக்ஸ்ரே படம். பத்திரிகையில் வந்ததைப் பார்த்து, ஒரு வாரம் நீர்வண்ணத்தில் வரைந்திருந்தாள்.

ஆனால் கூட்டமெல்லாம் பக்கத்து மேஜையில் இருந்தது. அங்கே வெங்கிடேஷின் எரிமலை புகைந்தது.

“என்னடி, உன் நண்டு நகரவே மாட்டேங்கறது?” என்றான் அவன்.

அப்போது ஒரு பெண் வந்து நின்றாள். வேறு பள்ளிக்கூடத்துச் சீருடை. பெயர் ராகேல் என்றாள்.

சுஜா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். “நடுவில் இருப்பது பல்சர். சுற்றிலும் நீல நிறத்தில் ஒளிர்வதைப் பாருங்கள்…”

“ஏய், அவளுக்குக் கண் தெரியாது!” வெங்கிடேஷ் ரகசியமாகத்தான் சொன்னான். ஹால் முழுக்கக் கேட்டது.

சுஜா அப்போதுதான் ராகேலின் கையிலிருந்த வெள்ளைக் கோலைக் கவனித்தாள்.

ராகேல் சிரித்தாள். “சாரமில்ல, பரவால்ல, நீ சொல்லு. நீலம்னா எப்படி இருக்கும்?”

சுஜா யோசித்தாள். “நிஜத்துல அது நீலமே இல்ல. எக்ஸ்ரே யார் கண்ணுக்கும் தெரியாது. விண்வெளியில இருக்கிற தொலைநோக்கிதான் பிடிக்கும். கலர் பிறகு போடுறது.”

“அப்போ உனக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“உன் டீச்சருக்கு?”

“அவங்களுக்கும்தான்.”

“கொள்ளாமே!” ராகேலுக்கு ஒரே சந்தோஷம். பிறகு சார்ட்டைத் தடவினாள். “ஆனா உங்களுக்குப் படம் இருக்கு. எனக்கு வெறும் காகிதம்.”

சுஜாவின் காலில் தேங்காய் இடித்தது.

“நீ எங்கேருந்து வார?”

“விழிஞ்ஞம்.”

“பழவங்காடில தேங்கா உடைக்கிற சத்தம் கேட்டிருக்கியா?”

“பின்னே! படார்னு.”

“ஒரு பெரிய நட்சத்திரம் அப்படித்தான் வெடிச்சுது. எல்லாம் தெறிச்சுது. நடுவுல ஒரு பந்து மட்டும் மிச்சம், அதுதான் பல்சர். இங்கேருந்து உங்க விழிஞ்ஞம் வரைக்கும்தான் அதோட அகலம்.”

“பஸ்ல போயிடலாமே!”

“எப்படி ஏறுவே? ஒரு நொடிக்கு முப்பது தடவை சுத்துது.”

சுஜா தேங்காயின் இடுப்பில் கயிறு கட்டித் தூக்கினாள். அது படுத்தவாறு தொங்கியது. குடுமி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. எரிமலைக்கு வைத்திருந்த வாளியில் தண்ணீர் இருந்தது.

சுஜா சார்ட்டைப் பார்த்தாள். நீர்வண்ணம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்; பசையால் ஒட்டியதால் கழற்றவும் முடியாது. நடுவர் அடுத்த வரிசைக்கு வந்துவிட்டார்.

ராகேல் முகத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

சுஜா குடுமியைத் தண்ணீரில் முக்கினாள். கயிற்றை முறுக்கிவிட்டாள்.

சளப்! ராகேலின் கன்னத்தில் தண்ணீர். சளப்! சளப்! சளப்!

“என் பக்கம் திரும்பும்போதெல்லாம் அடிக்குது!”

“பல்சரோட வெளிச்சமும் அப்படித்தான், விட்டு விட்டு வரும். அது சுத்தும்போது துகளையெல்லாம் வீசி எறியும். அதுலதான் நெபுலா எக்ஸ்ரேல ஒளிருது!”

தண்ணீர் எல்லாப் பக்கமும் பறந்தது.

“ஐயோ, என் எரிமலை அணைஞ்சு போச்சு!” என்று கத்தினான் வெங்கிடேஷ். அடுத்த நிமிடமே, “நானும் சுத்தறேன், தா!” என்றான்.

கூட்டம் இந்தப் பக்கம் நகர்ந்தது. நடுவர் ரத்னாபாய் டீச்சரும் வந்தார். சார்ட்டில் நீலம் கரைந்து தரைவரை வழிந்திருந்தது.

“படம் எங்கே?” என்று கேட்டார்.

சுஜா மறுபடி குடுமியைத் தண்ணீரில் முக்கினாள்.

“கண்ணை மூடுங்க டீச்சர், நான் காட்டுறேன்” என்றாள் ராகேல்.

டீச்சர் மூடினார். சளப்! அவர் சிரித்த சிரிப்பு அலுவலகம்வரை கேட்டது.

முதல் பரிசு வேறு யாருக்கோ போனது. சுஜாவின் மேஜை முன்னால் வரிசை மட்டும் குறையவே இல்லை.

மாலையில் சுஜாவும் ராகேலும் பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ராகேல் அங்கே பஸ் மாற வேண்டும்.

“காலைல உடைக்கலியா?” என்றார் லிங்கம்.

“அதுக்கு வேலை இருந்துச்சுப்பா.”

சுஜா ஓங்கி எறிந்தாள். படார்!

ஒரு துண்டு ராகேலின் காலருகே வந்து விழுந்தது. சுஜா அதை எடுத்துத் துடைத்து, அவள் கையில் வைத்தாள். ராகேல் கடித்து மென்றாள்.

“நெபுலா நல்ல ருசி” என்றாள்.