பட்டன் தானா அமுங்காது

கேப்டனின் கப்பல் நடுக்கடலில் மறுபடியும் காணாமல் போனது.

புயல் வரவில்லை, பாறையிலும் மோதவில்லை. கணினித் திரை பொசுக்கென்று கறுத்துவிட்டது, அவ்வளவுதான். திறந்து பார்த்தால் கடைசியாக எழுதிய வரியைக் காணோம். ஓரத்தில் ‘நெட்வொர்க் இல்லை’ என்ற செய்தி மட்டும் நின்றது.

“போச்சா?” என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

கேப்டன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடல் கதைகளாகவே எழுதுவதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். விரல்கள் கீபோர்டில் சொன்னபடி நிற்காது. அதனால் அவளுடைய சக்கர நாற்காலியின் கைப்பிடியில் பெரிய சிவப்புப் பட்டன் ஒன்று இருந்தது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக மின்னும். வேண்டிய வரிசை மின்னும்போது ஒரு தட்டு. வேண்டிய எழுத்து மின்னும்போது இன்னொரு தட்டு.

ஒரு சொல்லை எழுதி முடிக்கவே நேரம் பிடிக்கும். ஆனால் எழுதிய சொல் ஒவ்வொன்றும் நறுக்குத் தெறித்தாற்போல் இருக்கும்.

பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

“டீச்சர், முன்னாடி இப்படி ஆகலையே! இந்த வாரம்தானே ஆகுது? கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லையா டீச்சர்?”

டீச்சர் குனிந்து பட்டனின் வயரை ஆட்டிப் பார்த்தார். “போன வாரம் எல்லாத்துக்கும் புது அப்டேட் போட்டோம். மத்த கம்ப்யூட்டர் எல்லாம் நல்லாத்தானே ஓடுது. இந்தப் பட்டன்தான் பழசாயிடுச்சு போல.”

பிறகு கேப்டனின் தோளில் மெல்லக் கைவைத்தார். “வெள்ளிக்கிழமை இன்னொரு ஸ்கூல் பிள்ளைங்க நெட்டுல உங்க கதையெல்லாம் கேக்கப் போறாங்க. நடுவுல நின்னுட்டா உனக்குத்தான் கஷ்டம். பேசாம உன் கதையை வாயாடி படிக்கட்டுமா? அவ நல்லாப் படிப்பா.”

கேப்டன் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். வேண்டாம் என்பதை மட்டும் அவளால் சட்டென்று சொல்ல முடியும்.

கேப்டன் வரிக்கு வரி பட்டனைத் தட்டுவாள், கணினி அந்த வரியைக் குரலாகப் படிக்கும். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் நெஞ்சு படபடக்கும் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். வாயாடி படித்தால் மூச்சுவிடாமல் படித்துத் தள்ளிவிடுவாள். அது வாயாடிக்கே தெரியும்.

மதிய இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். வாயாடி மட்டும் போகவில்லை.

“நான் உன் பக்கத்துலயே உக்காந்து பாக்கறேன். என்னதான் ஆகுதுன்னு பாத்துடலாம்.”

கேப்டன் எழுதத் தொடங்கினாள். வாயாடி மவுஸின் மேல் முழங்கையை ஊன்றியபடி, பூனையைப் பற்றி, அப்பாவின் குறட்டையைப் பற்றி, குறட்டை விடும் பூனையைப் பற்றி எல்லாம் பேசினாள். திரை அணையவே இல்லை.

“பாத்தியா, சரியாயிடுச்சு!” என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் திரை கறுத்திருந்தது.

வாயாடிக்குப் பொறி தட்டியது. “இப்ப ரெண்டு கையையும் மடியில வச்சுக்கறேன். எதையும் தொட மாட்டேன்.”

அது அவளுக்கு மிகவும் கடினமான வேலை. மூக்கு அரித்தது. காது அரித்தது. இதுவரை அரிக்காத இடமெல்லாம் அரித்தது. கேப்டன் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வாக்கியம் முடியும் முன் திரை பொசுக்கென்று அணைந்தது.

“உன் பட்டன்ல கோளாறே இல்ல!” என்று வாயாடி குதித்தாள். “மவுஸ் அசைஞ்சாத்தான் ஆள் இருக்குன்னு இது நெனைக்குது. நீ இங்க இருக்கறதே இதுக்குத் தெரியல!”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான செய்தி என்று அவளுக்கு உறைத்தது. கேப்டன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதனால என்ன? வெள்ளிக்கிழமை நான் மவுஸை ஆட்டிக்கிட்டே இருக்கேன். போதும்ல?”

கேப்டன் நிதானமாகப் பட்டனைத் தட்டினாள். கணினி படித்தது: “உனக்குக் காய்ச்சல் வந்தால்?”



அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் வாயாடி நேராகச் சித்தியிடம் போனாள். சித்திக்குச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். பள்ளிக் கணினிகளையும் இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளுக்கு நிரல் எழுதுபவர் அவர். கணினிக்குள் யார் வந்தார், யார் போனார், எந்தக் கருவியைச் செருகினார்கள், நெட்வொர்க்கை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதையெல்லாம் கவனிக்கும் பகுதி அவருடையது.

“சித்தி, முன்னாடி ஆள் உக்காந்திருக்காங்களான்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?”

“அடடே, நல்ல கேள்வி!” சித்தியின் முகம் மலர்ந்தது. “கீபோர்டையோ மவுஸையோ தொட்டா ஆள் இருக்குன்னு அர்த்தம். ரொம்ப நேரம் தொடலன்னா போயிட்டாங்கன்னு அர்த்தம். உடனே பூட்டி, நெட்வொர்க்கையும் நிறுத்திடும். கரண்டு மிச்சம், வேற யாரும் உள்ள நுழையவும் முடியாது. புது அப்டேட்ல இந்த மாற்றத்தைச் செஞ்சதே நான்தான் தெரியுமா?”

வாயாடி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“என்னடி, உனக்கே பேச்சு வரலையா?” என்று சித்தி சிரித்தார்.

சித்தி இதற்காக எத்தனை ராத்திரி கண்விழித்தார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேப்டன் திரையைப் பார்த்த பார்வை மனத்தை விட்டுப் போகவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

“இருக்காதுடி. நான் எல்லா விதத்துலயும் சோதிச்சுப் பாத்தேனே.”

“எதால சோதிச்சீங்க சித்தி?”

“எதாலன்னா... கீபோர்டு, மவுஸ்...” சித்தியின் குரல் பாதியில் தேய்ந்தது.

மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு சித்தி பள்ளிக்கே வந்தார். தன் மடிக்கணினியைத் திறந்து, கேப்டன் எழுதும் செயலியை அதில் போட்டு, பட்டனின் வயரைச் செருகினார். திரையில் சில வரிகள் ஓடின. சித்தி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“இந்தப் பட்டனை என் நிரல் ஜாய்ஸ்டிக்னு நெனைச்சிருக்கு. குச்சியும் பட்டனும் வச்சு விளையாடற ஜாய்ஸ்டிக் இருக்கே, அது ஆளே தொடாட்டியும் லேசா நடுங்கிக்கிட்டே இருக்கும். அதை நம்பினா கம்ப்யூட்டர் தூங்கவே தூங்காது. அதனால ஜாய்ஸ்டிக்கைக் கண்டுக்காதேன்னு எழுதி வச்சேன்.” பிறகு கேப்டனைப் பார்த்து, “உன் வரியெல்லாம் நெட்டுல சேரும் முன்னாடியே காணாம போனது என்னாலதான்மா. மன்னிச்சுக்கோ” என்றார்.

கேப்டன் பட்டனைத் தட்டினாள். சித்தியின் மடிக்கணினி படித்தது: “கப்பலை மூழ்கடித்த கடற்கொள்ளையர் நீங்கள்தானா?”

டீச்சர் குபீரென்று சிரித்துவிட்டார். சித்தியும்தான்.

“ஆமா, சரணடைஞ்சுட்டேன். ஆனா எப்படிச் சரிசெய்யறது? ஜாய்ஸ்டிக்கையும் கணக்குல சேத்தா பழைய பிரச்சினை வந்துடும். சேக்கலன்னா...”

கேப்டன் மறுபடி தட்டத் தொடங்கியிருந்தாள். ‘பட்டன்’ என்று ஒரு சொல் வந்தது.

“பட்டனை மாத்திடலாம்ங்கறியா?” என்றார் சித்தி.

இல்லை என்று தலை அசைந்தது. ‘தானா’ என்று இன்னொரு சொல் வந்தது.

“தானா சரியாயிடுமா? பட்டன் தானா...”

“சித்தி!” என்றாள் வாயாடி. “அவ முடிக்கட்டும்.”

வாயாடி வாயிலிருந்தா இந்த வார்த்தை என்று டீச்சர் வியப்போடு திரும்பினார். சித்தி கைகட்டி உட்கார்ந்தார். அறையில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. கடைசியில் கணினி படித்தது:

“பட்டன் தானா அமுங்காது.”

சித்தி அப்படியே நிமிர்ந்தார். “அட! குச்சிதானே நடுங்கும்? பட்டன் தானா அமுங்காது! குச்சி ஆடினா விட்டுடலாம், பட்டன் அமுங்கினா ஆள் இருக்குன்னு எடுத்துக்கலாம். இது ஏன் என் மண்டையில ஏறல?”

அவர் அங்கேயே எழுத உட்கார்ந்துவிட்டார். வகுப்பில் பாடம் ஒருபக்கம் நடந்தது. சித்தி ஒருபக்கம் எழுதினார், அழித்தார், முணுமுணுத்தார். முதல் முயற்சியில் திரை அணைந்தது. இரண்டாவதில் எதற்குமே அணைய மறுத்தது. மணி அடிக்கும் நேரத்தில்தான் சரியாக வந்தது. கேப்டன் தட்டத் தட்டத் திரை விழித்திருந்தது. நாற்காலியை நகர்த்தி ஆள் இல்லாமல் விட்டதும், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையைப்போலத் தூங்கிப்போனது.

அந்தப் பள்ளிக் கணினியில் சித்தி அன்றே மாற்றத்தைப் போட்டுவிட்டார். ஆனால் மற்ற இடங்களுக்கெல்லாம் போக வேண்டுமென்றால், எங்கெங்கோ இருந்து அந்த நிரலைப் பராமரிப்பவர்கள் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம். அவர்கள் லேசில் விடுகிறவர்கள் இல்லை. ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். இன்னொருவர் ஒரு கால்புள்ளியைத் திருத்தச் சொன்னார்.

வியாழன் மாலை சித்தி மேசையிலிருந்து கத்தினார். “சேத்துட்டாங்க! கண்டுபிடிச்சவங்கன்னு உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டிருக்கேன்.”

“என்ன பேர் போட்டீங்க?” என்று வாயாடி பதறி ஓடிவந்தாள். “வாயாடின்னா? ஐயோ சித்தி, உலகம் பூரா தெரிஞ்சுடுமே!”

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய திரையில் இன்னொரு பள்ளியின் வகுப்பறை தெரிந்தது. அறிமுகமில்லாத முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கேப்டனின் முறை வந்ததும் வாயாடி மவுஸைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் பதறிப்போய்ப் பார்த்தார். கேப்டன் பதறவில்லை.

ஒரு தட்டு. கணினிக் குரல் கதையைத் தொடங்கியது. இருட்டுக் கடல், திசை தெரியாத கப்பல், அதன் அடியில் மெல்ல நகரும் ஏதோ ஒன்று. “அது கண்ணைத் திறந்தது” என்ற இடத்தில் கேப்டன் நிறுத்தினாள்.

நிறுத்தினாள் என்றால், அப்படியொரு நிறுத்தம். திரையில் தெரிந்த வகுப்பில் ஒருவன் நகத்தைக் கடித்தான். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் சடையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சரின் கண் திரையின் ஓரத்துக்கும் கேப்டனின் கைக்குமாக அலைந்தது. திரை அணையவில்லை.

பிறகு, அவளுக்குச் சரியென்று தோன்றிய நொடியில், அடுத்த தட்டு.

கதை முடிந்ததும் இரண்டு வகுப்பிலும் கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து சின்னப் பையன் ஒருவன் முண்டியடித்து முன்னால் வந்தான்.

“அக்கா, கண்ணைத் தொறந்த அந்தத் திமிங்கலம் ஏன் கப்பலை ஒண்ணும் பண்ணல?”

வாயாடிக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மடியில் இருந்த மவுஸை இறுகப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டாள்.

கேப்டன் தட்டினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கணினி படித்தது: “சொல்கிறேன். நேரமாகும். பரவாயில்லையா?”

“பரவாயில்ல!” என்று அந்த வகுப்பு மொத்தமும் கத்தியது. பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டான்.

கேப்டன் சிரித்துக்கொண்டே பட்டன்மேல் கையை வைத்தாள்.