உறுத்தி

விமானம் ஏறுமுன் ஒவ்வொரு பயணிக்கும் காதுக்குப் பின்னால் உறுத்தி ஒட்டுவார்கள். அரிசி அளவு வில்லை. ஆயிரம் கிலோமீட்டர் பறந்தால் இரண்டு நாளைக்கு மனசாட்சி குத்திக்கொண்டே இருக்கும். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. காற்றைக் கெடுத்ததற்கு 2094-இல் அவ்வளவுதான் தண்டனை. தடுப்பூசி மாதிரி எல்லோருக்கும் பழகிவிட்டது.

யோசனை குமுதவல்லியுடையது. மதுரையில் வான்போக்குவரத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தலைவி அவள். ஐந்தே ஆண்டில் நாட்டின் விமானப் பயணம் பாதியாகும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாள். அதை நம்பித்தான் கொக்கன் கண்மாயை மூடி இரண்டாம் ஓடுபாதை போடும் திட்டத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். பதினோரு தெருக்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தன. கெடு இன்றோடு முடிகிறது.

"எவ்வளவுப்பா குறைஞ்சிருக்கு?" என்று கணிப்பான் இயந்திரத்தைக் கேட்டாள்.

"குறையல மேடம். நாப்பது சதவீதம் கூடியிருக்கு. அடுத்த பத்து வருஷமும் ஏறுமுகம்தான்."

"ஏன், உறுத்தி வேலை செய்யலையா?"

"அருமையா செய்யுது. அதான் சிக்கலே."

திரையில் பயணக் காரணங்கள் ஓடின. பரிகாரம், பரிகாரம், பரிகாரம்.

"ஒருத்தர் மகளைப் பாக்க டெல்லி போறார். மனசு உறுத்துது. பாவம் தொலையக் காசிக்குப் பறக்குறார். காசிக்குப் போனவர் ராமேஸ்வரம் போகாம இருப்பாரா? அதுக்கும் சேத்து உறுத்துது."

குமுதவல்லி பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று!

விமான நிலைய இயக்குநர் அருளப்பன் தொலைபேசியில் வந்தார். "எங்கேம்மா நீங்க சொன்ன பாதி? நாளைக்கு மண்ணு லாரி வந்துரும். என் கையில ஒண்ணும் இல்ல."

சன்னல் வழியே கண்மாய் தெரிந்தது. யாரோ குடத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுகளாக அவள் விமானமே ஏறியதில்லை; காதுக்குப் பின்னால் வில்லையும் இல்லை. ஆனாலும் குத்தியது. பாவி, நானே மூடிவிட்டேனே என்று அழுதாள். பதினோரு தெருவுக்கும் போய் உள்ளதைச் சொல்லலாம்; பத்து நிமிட நடைதான். எந்த முகத்தோடு போவது?

"இந்தப் பாவத்தை எங்கேப்பா கொண்டுபோய்க் கரைக்கிறது?"

"காசியிலதான் மேடம். சாயங்கால விமானத்துல ஒரு சீட்டு இருக்கு."

"போட்டுரு" என்று சொல்லிவிட்டு, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

கணிப்பான் தன் மதிப்பீட்டில் இரண்டு பயணங்களைக் கூட்டிக்கொண்டது. ராமேஸ்வரம் இருக்கிறதே.