மூச்சு முட்டிய கண்

தூத்துக்குடித் துறைமுகத்தில் காண்வில்லை அணியாதவருக்கு வேலை கிடையாது. எந்தச் சரக்குப்பெட்டியை எந்தக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று கண்ணுக்குள்ளேயே எழுதிக் காட்டும் வில்லை அது. ஒருமுறை போட்டால் கழற்றவே வேண்டாம், தூங்கும்போதும் இருக்கலாம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அங்கே கிரேன் ஓட்டும் டெல்பினா ஆறு வருடமாக அதைக் கழற்றவில்லை.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும்போதெல்லாம் சொட்டு மருந்து விட்டுச் சமாளித்தாள். அன்று மதியம் வலி பொறுக்க முடியாமல் கழிப்பறையில் நின்று இரண்டையும் எடுத்துவிட்டாள். எதிரிலிருந்த கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. வெறும் பனிமூட்டம்.

கண் மருத்துவர் ஷமீமா விளக்கினார். கருவிழிக்குள் ரத்தக்குழாய் கிடையாது. காற்றிலிருந்துதான் அது மூச்சு வாங்கும். வில்லை ஓயாமல் மூடியிருந்ததால், தவித்துப்போன கருவிழிக்குள் ரத்தக்குழாய்கள் புகுந்து படர்ந்துவிட்டன. பார்வை மங்க மங்க, வில்லை அதற்கேற்றபடி காட்சியைத் திருத்திக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. இனியும் போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார்.

டெல்பினாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. கெட்டுப்போனதை அளந்து பார்க்காமல் எப்படித் திருத்த முடியும்?

மறுநாள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தவள், நலப்பிரிவு அதிகாரி குணசீலனின் அறைக்குள் தனியாகவே நுழைந்தாள். வில்லை போட்டால் எல்லாம் தெரிகிறதே, பிறகு என்ன குறை என்று அவர் நிதானமாகக் கேட்டார். புது வில்லை தரச் சொல்வதாகவும் சொன்னார்.

"எங் கண்ணு அவிஞ்சிட்டு வாரது ஒங்க வில்லைக்குத் தெரிஞ்சிருக்கு சார். எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அப்படிச் சொல்வதற்கு விதிமுறையில் இடமில்லை என்றார்.

"ஒங்களுத கழத்துங்க. கழத்திட்டு எம் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டும் வீறாப்பில் அவர் கழற்றினார். அத்தோடு பேச்சு நின்றது. நாற்காலி பின்னால் உருண்டது. மேசையிலிருந்து ஏதோ சரிந்து விழுந்தது.

"டெல்பினா," அவர் குரல் உடைந்திருந்தது. "வில்லை கீழ விழுந்திட்டு. எங்க கெடக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"நானா சார்?"

தரையில் ஒரு கை துழாவிக்கொண்டிருப்பது மட்டும் அவளுக்குக் கேட்டது.