கணுக்காலைப் பிடித்திருந்த கை

"இடது பக்கம்டா மெர்வ்! இன்னும் இடது பக்கம்!"

மெர்வ் மண்வெட்டியை ஓங்கி இறக்கினான். சளக்கென்று சத்தம் வந்தது. மண்ணில் இறங்கிய சத்தம் அல்ல அது. ஊறிப்போன எதிலோ இறங்கிய சத்தம். வெட்டிய இடத்திலிருந்து ஒரு குமிழி எழுந்து, மெதுவாக உப்பி, உடைந்தது.

நாற்றம் முகத்தில் அறைந்தது.

மெர்வ் பள்ளத்தின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வாந்தி எடுத்தான். காலையில் தின்ற டப்பா மாட்டிறைச்சி முழுதாக வெளியே வந்து, கறுப்புச் சேற்றின் மேல் மிதந்தது.

"சாப்பாடு போச்சா மச்சான்?" மேலே மூங்கில் புதரோரம் உட்கார்ந்திருந்த க்ளாரி கேட்டான். "பரவால்ல. தோண்டு."

"நீ இறங்கித் தோண்டேன்டா, நொண்டிக் கழுதை!"

"நான் எதுக்கு இறங்கணும்? என் கால்தான் ரெண்டு வருஷமா உள்ளேயே இருக்கே."

சொல்லிவிட்டுத் தன் மூங்கில் காலைத் தட்டிக் காட்டினான். இடது முழங்காலுக்குக் கீழே அவனுக்கு அதுதான் கால்.

சார்ஜென்ட் டில்வொர்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மலையை வெட்டிய கணவாயில் ரயில் நின்றிருந்தது. ஆறு ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளம் முட்டும் முன் மரப்பாலத்தைத் தாண்டியாக வேண்டும் என்று சரணடைந்திருந்த ஜப்பானிய டிரைவர் குனிந்து குனிந்து சொல்லியிருந்தான். மூன்று தடவை ஊதுவான். மூன்றாவது ஊதலில் வண்டி கிளம்பிவிடும்.

முதல் ஊதல் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

"இங்க பாரு க்ளாரி," என்றார் டில்வொர்த். "கல்லறைத் தோட்டத்தில இருக்க வேண்டியவன் எல்லாரும் இருக்கான். ப்ளூ மட்டும்தான் இல்ல. ஏன் இல்ல? ஓடிட்டான். அவ்வளவுதான் கதை."

"ப்ளூ ஓடல."

"அப்ப எங்கடா அவன்?"

"மெர்வ் காலுக்குக் கீழே."

மெர்வ் சட்டென்று ஒரு காலைத் தூக்கினான். சேறு பூட்ஸை விட மனமில்லாமல் விட்டது.

போர் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் ஊருக்குக் கப்பல் ஏறக் காத்திருக்க, இந்த மூவரும் தாங்களே போட்ட ரயில் பாதையில் மறுபடி காட்டுக்குள் வந்திருந்தார்கள். செத்தவர்களின் குழிகளைக் காடு மூடும் முன் கண்டுபிடித்துச் சிலுவை நட வேண்டும். ஒரே பட்டாளம். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் ஒன்றாகப் பிடிபட்டு, சயாம் காட்டில் கைதிகளாக ஒன்றாகப் பட்டினி கிடந்தவர்கள்.

ப்ளூவும் அந்தப் பட்டாளம்தான். உண்மைப் பெயர் டெட் லட்புரூக். செம்பட்டைத் தலைக்காரன் எவனாக இருந்தாலும் ஆஸ்திரேலியாவில் அவனுக்கு 'ப்ளூ' என்றுதான் பெயர் விழும். க்ளாரிக்கும் அவனுக்கும் நரண்டேராவில் அடுத்தடுத்த ஆட்டுப் பண்ணை. முகாமில் ஒரே தகரத் தட்டில் தின்றார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் க்ளாரியின் காலில் மூங்கில் முள் கீறியது.

மறுநாள் சிவந்தது. பத்து நாளில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சதை என்று ஒன்று இல்லை. நடுவில் எலும்பு வெளுத்துத் தெரிந்தது. புண் வந்தவர்களைப் போட்டிருந்த குடிசைக்குள் நுழைகிறவன் வாசலிலேயே மூக்கைப் பிடிப்பான். உள்ளே இருந்தவர்களுக்கு அந்த நாற்றம் சோற்றில் இருந்தது, தண்ணீரில் இருந்தது, தூக்கத்தில் இருந்தது. டாக்டர் தேக்கரண்டியின் விளிம்பைக் கல்லில் தீட்டி வைத்திருந்தார். தினம் காலையில் அதால் அழுகலை வழித்து எடுப்பார். வழித்தது தகர வாளியில் சொத்தென்று விழும். மயக்க மருந்து கிடையாது. கத்துகிறவன் வாயில் இடுப்புவாரைத் திணிப்பார்கள்.

"உன் குடித்தனக்காரங்க சௌக்கியமா?" என்று ப்ளூ கேட்பான், புண்ணில் நெளிகிற புழுக்களைக் குனிந்து பார்த்து. "ஒருத்தன் குண்டாயிட்டான்டா. வாடகையைக் கூட்டு."

கடைசியில் காலை எடுக்க வேண்டியதாயிற்று. சமையல்கட்டு ரம்பம். நாலு பேர் க்ளாரியை அழுத்திப் பிடித்தார்கள். கணுக்காலைப் பிடித்தவன் ப்ளூ. எலும்பு விட்டபோது கால் அவன் கையோடு வந்துவிட்டது. அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, கழிவு கொட்டுகிற ஓடைக்கரைப் பள்ளத்தில் போட்டுவிட்டு வருகிறேன் என்று மழையில் இறங்கிப் போனான்.

திரும்பி வரவில்லை.

அது காலரா கொள்ளை கொண்டுபோன வாரம். யாரும் தேடவில்லை. தப்பி ஓடிவிட்டான் என்று காவலர்கள் முடிவுகட்டி, நோயாளிகளின் அரிசியைப் பாதியாக வெட்டினார்கள். அதில் செத்தவர்கள் உண்டு. மிச்சமிருந்தவர்கள் ப்ளூவின் பெயரைச் சொன்னால் காறித் துப்பினார்கள். இன்றும் அவன் கிடைக்காவிட்டால் டில்வொர்த் தலைமையகத்தில் சொல்லப்போவது ஒரே சொல்தான்: ஓடிப்போனவன். அந்தச் சொல் நரண்டேராவுக்குப் போகும். ப்ளூவின் அம்மா அதோடு மிச்சக் காலத்தை ஓட்டுவாள்.

"அவன் இந்தப் பள்ளத்துக்குள்ளதான் இருக்கான்னு எப்படிடா அவ்வளவு உறுதியா சொல்றே?" டில்வொர்த் கேட்டார். "உன் காலை வெட்டினப்ப நீ மயங்கிக் கிடந்தியே?"

க்ளாரி ஓடைக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் முன்பு இன்னொரு முகாம் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலிகள். இப்போது அங்கே காடுதான். ஒரு சிலுவை இல்லை, ஒரு கல் இல்லை.

"அங்க ஒருத்தன் இருந்தான்ல," என்றான் க்ளாரி. "தண்ணி எடுக்க வருவான். ஒல்லியா. கையில சின்னச் செம்புக் குழல் கட்டியிருப்பான். ப்ளூ அவனுக்குப் புகையிலை எறிவான். அவன் பதிலுக்கு 'தம்பி, தம்பி'ன்னு சிரிச்சிட்டே மிளகாய் எறிவான். என்ன அர்த்தமோ."

"அந்த ஆளுங்களைத் தேடச் சொல்லி நமக்கு உத்தரவு இல்ல," என்றார் டில்வொர்த். "மெர்வ், தோண்டு."

இரண்டாவது ஊதல். மூங்கில்களுக்குள் அது யாரோ மூச்சிழுப்பதுபோல நீண்டு தேய்ந்தது.

மெர்வ் தோண்டினான்.

பள்ளத்துக்குள் வெளிச்சம் குறைவு. ஓடைத் தண்ணீர் ஊறி ஊறி, இங்கே போட்டது எதுவும் மண்ணாகியிருக்கவில்லை. மண்வெட்டியில் வந்தவை வெளுத்து, வழவழத்து, பழைய துணி சோப்புக் கட்டிபோல இருந்தன. ஒன்றில் விரல்கள் இருந்தன. இன்னொன்றில் கட்டுத்துணி அப்படியே ஒட்டியிருந்தது. கால்கள். கால்கள். மேலும் கால்கள். அவற்றுக்கு நடுவே அந்த வாளிகளில் இருந்து கொட்டியது எல்லாம் கறுத்த கூழாகத் தங்கியிருந்தது. அவன் கழுத்து வேர்வையில் ஈக்கள் குடித்தன.

பிறகு, சேற்றில் ஒரு சிவப்பு இழை தெரிந்தது.

முடி.

"சார்ஜென்ட்," என்றான் மெர்வ்.

கையாலேயே சேற்றை வழித்தான். தலை. தோள். சாய்ந்து கிடந்த உடம்பு. மார்போடு அணைத்த மாதிரி ஒரு கால். அதில் சுண்டுவிரல் இல்லை. சிறுவயதில் கோடரி பட்டுச் சுண்டுவிரலை இழந்த கதையைக் க்ளாரி அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறான்.

அந்தக் காலின் கணுவைச் சுற்றி ஐந்து விரல்கள் இறுகியிருந்தன.

டில்வொர்த் தொப்பியைக் கழற்றினார். "மழையில கரை சரிஞ்சிருக்கு," என்றார். "பாவி. இந்தச் சாக்கடையிலயா..."

"விரலைப் பிரி மெர்வ்," க்ளாரி கிசுகிசுத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "தயவுசெஞ்சு பிரிச்சிடு."

மெர்வ் கட்டைவிரலைப் பிரித்தான். தோல் கையுறைபோல வழுக்கி அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலைப் பிரித்தான். நடுவிரலுக்குப் போனான்.

கட்டைவிரல் மறுபடி மூடிக்கொண்டது.

மெதுவாக. அவசரமே இல்லாமல்.

மெர்வ் பார்த்ததை நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்தையும் ஒரே இழுப்பில் விடுவித்தான். மேலே க்ளாரி பெருமூச்சு விட்டது பள்ளத்துக்குள் கேட்டது.

"தூக்குடா, சீக்கிரம்!"

தூக்கினான். வரவில்லை. ப்ளூவின் இன்னொரு கை நேராகக் கீழே சேற்றுக்குள் போயிருந்தது, கயிறு கட்டி இழுத்ததுபோல விறைத்து. மெர்வ் முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவினான்.

நின்றுவிட்டான்.

"என்னடா?"

மெர்வின் கை சேற்றுக்குள்ளேயே இருந்தது. அவன் உதடு மட்டும் அசைந்தது.

"என்னடா ஆச்சு? டேய்!"

"ஒண்ணுமில்ல," என்றான் மெர்வ். "வேர்."

"வெட்டிட்டுத் தூக்கு!"

மெர்வ் மண்வெட்டியை எடுத்தான். விளிம்பைப் பார்த்து வைத்து, ஒரே குத்து. எதுவோ முறிந்தது. ப்ளூ மேலே வந்தான்.

"உள்ளே வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"இல்லன்னு சொல்றேன்ல!" மெர்வ் கத்தினான். அதற்குள் சேற்றை உள்ளே தள்ளி மூடத் தொடங்கியிருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி வெட்டி ப்ளூவைக் கிடத்தினார்கள். "என் காலையும் அவன்கூடவே போடுங்க," என்றான் க்ளாரி. "இத்தனை நாள் பாத்துக்கிட்டவன் அவன்தானே." சிலுவை நட்டார்கள். டில்வொர்த் பிரார்த்தனையைப் பாதி சொல்லி, மீதியை மறந்து, நின்று, மூக்கைச் சிந்தினார். "ஓடிப்போனவன்னு நானும்தான் சொன்னேன்டா, ப்ளூ," என்றார்.

மூன்றாவது ஊதல் கேட்டபோது மூவரும் வண்டியில் தாவி ஏறினார்கள்.

திறந்த சரக்குப் பெட்டி. காற்று அடித்தும் நாற்றம் போகவில்லை. மெர்வ் கையை மண்ணெண்ணெயில் கழுவியிருந்தான், மணலால் தேய்த்திருந்தான். நகக்கண்ணில் அது இருந்தது. டில்வொர்த் பிஸ்கட்டை நீட்டினார். யாரும் எடுக்கவில்லை.

"இப்பவாவது சொல்லு," என்றார் க்ளாரியிடம். "எப்படித் தெரியும்?"

க்ளாரி மூங்கில் காலை அவிழ்த்து ஓரமாக வைத்தான்.

"சிரிக்கக் கூடாது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. கால் போனப்புறமும் அது இருக்கிற மாதிரியே இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இருந்துச்சு. ஆனா அதை ஒருத்தன் பிடிச்சிருந்தான். கணுக்கால்ல. அஞ்சு விரல். வெட்டின அன்னிக்கு ராத்திரியே என்னை இழுக்க ஆரம்பிச்சான்."

டில்வொர்த்தின் கையிலிருந்த பிஸ்கட் பாதியில் நின்றது.

"மூணு நாள் இழுத்தான் சார்ஜென்ட். ப்ளூ கூப்பிடுறான், போய்ப் பாருங்கடான்னு கத்தினேன். ஜுரத்தில உளறுறான்னு கையைக் கட்டிப்போட்டாங்க. மூணாம் நாள் இழுக்கிறது நின்னுச்சு. பிடி மட்டும் விடல. இன்னிக்கு வரைக்கும் விடல."

"மூணு நாளா..." டில்வொர்த் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூணு நாள் உயிரோட இருந்திருக்கான். நாம அவனைத் திட்டிக்கிட்டே கூப்பிடு தூரத்தில..."

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் புரியல," என்றான் க்ளாரி. "ரெண்டாம் நாள் யாரோ அவனை மேலே தூக்கினாங்க. எனக்குத் தெரிஞ்சுது. கால் மேலே மேலே வந்துச்சு. அப்பாடா, யாரோ வந்துட்டாங்கன்னு அழுதேன். அப்புறம் மொத்தமா கீழே போச்சு. ரெண்டு ஆள் கனத்தோட." அவன் மெர்வைப் பார்த்தான். "நம்ம ஆளுங்க யாரும் போகல. அப்ப யார்டா அவனைத் தூக்கினது?"

மெர்வ் வலது கையைச் சட்டைப் பைக்குள் நுழைத்திருந்தான். வண்டியில் ஏறியதிலிருந்தே அப்படித்தான்.

"தெரியாது," என்றான்.

"போகட்டும் விடு. எனக்கு விட்டாச்சு. ரெண்டு வருஷத்தில முதல் தடவையா எனக்குக் காலே இல்ல மச்சான்." க்ளாரி சிரித்தான். சிரித்தபடியே சாக்கில் சாய்ந்து, குழந்தைபோலத் தூங்கிப்போனான்.

வண்டி மரப்பாலத்தில் ஏறியது. கீழே ஆறு உறுமியது.

டில்வொர்த் அந்தப் பக்கம் திரும்பியதும் மெர்வ் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துச் சட்டைக் கையை மடித்தான். மணிக்கட்டைச் சுற்றி ஈரச் சேறு. ஐந்து விரல் தடங்கள். துடைத்தான். போயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஊறி வந்தது.

இழுத்தது.

பின்பக்கமாக. ஓடைக்கரைப் பக்கமாக.

ரயிலின் தடதடப்புக்கு அடியில், அவன் காதுக்கு மிக அருகில், யாரோ கரகரத்த குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"தம்பி... தம்பி..."

மெர்வ் கண்களை இறுக மூடிக்கொண்டான். மூடினாலும் விரல் நுனி மறக்கவில்லை. சேற்றுக்குள் துழாவியபோது தட்டுப்பட்டது வேர் அல்ல. ப்ளூவின் கையைக் கீழிருந்து இறுகப் பற்றியிருந்த இன்னொரு கை. ஒல்லியான கை. அதன்மேல், எலும்போடு ஒட்டிப்போன கயிற்றில், ஒரு சின்னச் செம்புக் குழல்.